ஒரு வருஷம்தானே என்று சொன்னேன்

உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்ற பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்வதா ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. அந்தப் பொறுப்பு ஒன்பது வருஷம் என் தலையிலும் இருந்தது. பாடவேளையில் ஒன்றுகூடக் குறைக்க மாட்டார்கள். கூடுதலாக ஒரு பதிவேடு வரும், மாதம் ஒரு கூட்டம் வரும். பிளஸ் டூ முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அடுத்து எங்கே போகிறாள் என்று கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அனுபவத்தைச் சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டீர்கள். நான் கணக்கு டீச்சர். கணக்கில் வழி சரியாக இருந்து விடை தப்பாகப் போனால் பாதி மார்க்காவது போடுவோம். இந்த வேலையில் அந்தச் சலுகை கிடையாது. நான் வாங்கிய பாராட்டுகளைச் சொல்லி உங்களைக் கொட்டாவி விட வைக்க எனக்கு விருப்பமில்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அன்றைக்கு அடித்த அதிர்ச்சி இன்னும் முழுசாக இறங்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை மாற்றி மாரீஸ்வரி என்று சொல்கிறேன். சிவகாசிப் பக்கம் வகுப்புக்கு மூன்று மாரீஸ்வரி இருப்பார்கள் என்பதால் யாரென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அம்மா, அப்பா இரண்டு பேருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. பிளஸ் டூ முடித்த கையோடு நீட் எழுதினாள். சனிக்கிழமை பள்ளியில் நாங்கள் நடத்திய இலவசப் பயிற்சியைத் தவிர வேறு எந்தப் பயிற்சியும் இல்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான உள் ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்டு கிடைக்க இன்னும் முப்பது மார்க் வேண்டியிருந்தது. ஏழெட்டுக் கேள்விதான்! மார்க்கைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் அவளுக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் வந்தது. பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கொடுக்கிற இடம் அது. அவள் அம்மா லட்டு வாங்கிக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். நான் லட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க, வீட்டுக்கு வந்து பேசுறேன்" என்றேன். அந்த அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில் ஒரே ஒரு நாற்காலி. அதில் என்னை உட்கார வைத்துவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். உயரத்தில் உட்கார்ந்து பேசுகிறபோது நம் வாயிலிருந்து வருவதெல்லாம் தீர்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நர்சிங்கை விட்டுவிட்டு இன்னொரு தடவை நீட் எழுதட்டும் என்றேன். டாக்டருக்குப் படிக்க வேண்டிய மூளையை வீணாக்காதீர்கள் என்றேன்.

"வந்த சீட்டை விடச் சொல்றீகளே டீச்சர், பயமால்ல இருக்கு" என்றார் அம்மா.

"ஒரு வருஷம்தானே? வீட்டிலேயே இருந்து படிக்கட்டும். புத்தகமெல்லாம் நான் தர்றேன். வாராவாரம் டெஸ்ட் வைக்கிறேன்."

அப்பா மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லயே இருக்கணுமா டீச்சர், வருசம் பூரா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமாங்க. பஸ் அலைச்சல் இல்ல, காலேஜ் அலைச்சல் இல்ல. எம்புட்டு நேரம் கிடைக்கும் பாருங்க."

"நீங்க சொன்னாச் சரிதான் டீச்சர். எங்களுக்கு என்ன தெரியும்" என்றார் அவர்.

அந்த வார்த்தையைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. நர்சிங் சீட்டை விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். என் மகளும் முதல் தடவை நீட்டில் தவறவிட்டவள்தான். ஒரு வருஷம் நாமக்கல் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்து, அங்கேயே தங்கிப் படிக்க வைத்தோம். வேளாவேளைக்குச் சாப்பாடு, துவைக்க ஆள், சந்தேகம் கேட்க வாத்தியார், காய்ச்சல் என்றால் ஓடிப்போக நானும் அவள் அப்பாவும். இரண்டாவது தடவை இடம் கிடைத்தது. 'ஒரு வருஷம்' என்றால் என் மனசில் இருந்தது அந்த வருஷம்தான். அதைத்தான் தூக்கிக்கொண்டு போய், நாற்காலி ஒன்றே இருக்கிற வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து மாரீஸ்வரியையும் சேர்த்து எட்டுப் பேர் மறுபடி எழுதத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரையும் நான்தான் பேசிச் சம்மதிக்க வைத்தேன். பதிவேட்டில் எட்டுப் பெயருக்கும் நேரே 'வீட்டிலிருந்து படிக்கிறார்' என்று எழுதினேன். மாவட்டக் கூட்டத்தில் அதை வாசித்தபோது கை தட்டினார்கள். சனிக்கிழமைதோறும் காலையில் வாட்ஸ்அப்பில் வினாத்தாள் அனுப்புவேன். விடை எல்லாம் ராத்திரிதான் வரும். திருத்தி, மார்க்கையும் அதே பதிவேட்டில் குறித்து வைப்பேன். மாரீஸ்வரியைக் கூப்பிட்டு, "பகல் பூராவும் என்ன செய்றே? தூங்கித் தூங்கி எந்திரிக்கிறியா?" என்று ஒருநாள் ராத்திரி சத்தம் போட்டேன். "இல்ல டீச்சர், படிக்கேன்" என்றாள்.  சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டிப் போனை வைத்தேன்.

விண்ணப்பம் போடுகிற அன்றும் அப்படித்தான். பத்து விரல் ரேகையையும் தாளில் ஒற்றி, படம் எடுத்து ஏற்ற வேண்டும். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றாள். நான் சர்ச்சுக்குப் போகாமல் அவளுக்காகப் பள்ளிக் கம்ப்யூட்டர் அறையைத் திறந்து உட்கார்ந்தேன். மைப் பெட்டியில் விரலை வைத்துத் தாளில் ஒற்றினாள். கறுப்புத் திட்டுதான் விழுந்தது, கோடு இல்லை. "மையை இம்புட்டு அப்பாதே" என்று அவள் கையைப் பிடித்து நானே ஒற்றினேன். மூன்று தடவை பார்த்துவிட்டு, இருப்பதில் சுமாரானதை ஏற்றிவிட்டேன். அவள் விரலை என் விரலால் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்! இருந்தும் குற்றத்தை மையின் மேல்தான் போட்டேன்.

மே மாதம். தேர்வுக்கு முதல்நாள்தான் தகவல் வந்தது, எனக்கு விருதுநகரில் ஒரு தனியார் பள்ளியில் அறைக் கண்காணிப்பாளர் வேலை போட்டிருந்தார்கள். தேர்வன்று போய்ப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் மாரீஸ்வரிக்கும் அதே மையம். காலையிலேயே மையத்தின் பொறுப்பாளரிடம், என் பழைய மாணவி ஒருத்தி இங்கே எழுதுகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பள்ளியின் முதல்வர். "உங்க ரூம்ல இல்லேல்ல? அது போதும்" என்றார். இப்படி முன்கூட்டியே சொல்லி வைப்பதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். நீங்களும் செய்யுங்கள்.

மதியம் ஒன்றே கால் இருக்கும். ஒன்றரைக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், இரண்டு மணிக்குத் தேர்வு. பிள்ளைகள் தோடு, வளையல், கொண்டை ஊசி எல்லாவற்றையும் வெளியே பெற்றோர் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நான் கேள்வித்தாள் கட்டு வாங்க அலுவலக அறைக்குப் போனேன். வராந்தாவில் விரல் ரேகை எடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். மாரீஸ்வரி. முகத்தில் ரத்தமே இல்லை.

எந்திரத்தை இயக்குகிறவர் நாற்பது வயதுக்காரர். அன்றைக்கு ஒருநாள் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர். பத்து விரலையும் வைத்துப் பார்த்துவிட்டார், எந்திரம் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. கையைக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தார். மாரீஸ்வரி தானாகவே விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைத்தாள். "ரேசன் கடையிலயும் இப்படித்தான் சார். தேய்ச்சு வச்சா சில நேரம் எடுக்கும்" என்றாள். அன்றைக்கு எடுக்கவில்லை.

முதல்வர் வந்தார். அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆள் மாறாட்டம் என்று ஒரு புகார் வந்தால் அவர் பள்ளியின் பெயரே போய்விடும். நுழைவுச் சீட்டில் இருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விரல்ல என்னம்மா தடவியிருக்கே? மெழுகா, பசையா?"

"பசைதான் சார்" என்றாள் மாரீஸ்வரி.

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டோம். எந்திரக்காரர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"தடவலை சார். கம்பெனிப் பசை. குழாய் உருட்டுறேன் சார், பட்டாசுக் குழாய். பசையும் அந்த முரட்டுப் பேப்பரும் பட்டுப் பட்டு ரேகை அழிஞ்சு போச்சு. எங்க தெருவுல நெறைய பேருக்கு இப்படித்தான் சார் இருக்கு."

"எம்புட்டு நாளா?" என்று கேட்டது நான்தான். 

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை நான் அங்கே நிற்பது அவளுக்குத் தெரியாது. அழ ஆரம்பித்தாள்.

"எட்டு மாசமா டீச்சர்."

எட்டு மாதம்! நர்சிங் சீட்டை விட்ட கொஞ்ச நாளிலிருந்தே என்று அர்த்தம்.  உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது கோபம்தான். இத்தனை நாள் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாளே என்று ஆத்திரம். சுவரில் கடிகாரம் ஒன்று இருபதைக் காட்டியது. கோபப்பட அங்கே நேரமில்லாமல் போனது அவள் அதிர்ஷ்டம்.

இப்படி ஒரு நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? "எனக்குத் தெரிஞ்ச பிள்ளைதான், அவளேதான், விடுங்க" என்று சொல்லத்தான் வாய் துடிக்கும். எனக்கும் துடித்தது. சொல்லியிருந்தால் அவளைக் கெடுத்திருப்பேன். "டீச்சர், காலையில உங்க ஸ்டூடண்ட்னு சொன்னீங்களே, அது இந்தப் பொண்ணுதானா?" என்று முதல்வர் கேட்ட விதத்திலேயே அது தெரிந்துவிட்டது. காலையில் நேர்மையாகப்பட்டது இப்போது அவருக்குச் சந்தேகமாகப்பட்டது. நான் எவ்வளவு பரிந்து பேசுகிறேனோ அவ்வளவுக்கு அவள் சிக்கலில் மாட்டுவாள்.

"ஆமா சார், இவதான். நான் அவளுக்காக எதுவும் பேசலை. உங்க கையில இருக்கிற விதிப் புத்தகத்தைப் பாருங்க. ரேகை விழாதவங்களுக்கு என்ன செய்யணும்னு அதுல இருக்கும். நான் உள்ளே இருக்கிறது உங்களுக்குச் சங்கடம்னா என்னை இப்பவே விடுவிச்சிருங்க, வெளியே போயிர்றேன். எழுதி வேணும்னாலும் தர்றேன்."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். பக்கம் கிடைக்கவில்லை.  எந்திரக்காரர்தான் எட்டிப் பார்த்து, "சார், இங்க இருக்கு" என்றார். ரேகை பதியாவிட்டால் முகத்தைப் படம் எடுத்து, காரணத்தைத் தேர்வரே கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அனுமதிக்கலாம். இரண்டே வரி. அந்த இரண்டு வரி அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார்கள். அவள் மடியில் அட்டையை வைத்து எழுதினாள். பிளஸ் டூ படிக்கும்போது எங்கள் பள்ளியிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. தாளை முதல்வர் வாங்கி வாசித்துவிட்டு, என்ன நினைத்தாரோ, என்னிடம் நீட்டினார். 'நான் பட்டாசுத் தொழிற்சாலையில் குழாய் உருட்டும் தொழிலாளி. அதனால் என் விரல்களில் ரேகை பதியவில்லை' என்று இருந்தது. தொழிலாளி என்று எழுதியிருந்தாள். நான் என் பதிவேட்டில் மாணவி என்று எழுதி வைத்திருந்த பெண்.

ஒன்று ஐம்பதுக்கு உள்ளே போனாள். நான் பொறுப்பை எழுதி ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன்.

கேட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் அவள் அம்மா நின்றிருந்தார். மகளின் தோடும் கொண்டை ஊசியும் சேலை முந்தானையில் முடிச்சாக இருந்தன. என்னைப் பார்த்ததும் பதறி ஓடிவந்தார். பிள்ளை எழுதுகிறாள் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"கம்பெனிக்கு அனுப்பினீங்களா?" என்று கேட்டேன். கேள்வி அதட்டலாகத்தான் வந்தது.

"ஆமா டீச்சர்" என்றார், ஒளிவு மறைவே இல்லாமல். "பதினெட்டு முடிஞ்ச பிள்ளை. காலையில ஆறரைக்குக் கம்பெனி வண்டி தெருவுக்குள்ள வந்து நிக்கும். எல்லாப் பொம்பளைகளும் ஏறுவாக. இவ மட்டும் வீட்ல இருந்தா, என்ன ஏது, மாப்பிள்ளை பாக்கலையா, உடம்புக்கு ஏதுமான்னு ஆளாளுக்குக் கேப்பாக. ஒரு மாசம்னா சமாளிக்கலாம் டீச்சர். வருசம் பூரா எப்படிச் சமாளிக்க? ரெண்டு இடத்துல பொண்ணு கேட்டே வந்துட்டாக. இவதான், 'நானும் வண்டியில ஏறிர்றேன், ராத்திரி படிச்சுக்கிறேன், கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்காதீக'ன்னா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"கம்பெனிக்குள்ள போன் கொண்டு போக விட மாட்டாக. ராத்திரி வந்துதான் உங்க பேப்பரைப் பாப்பா. லேட்டாயிருச்சுன்னு நீங்க வஞ்சீகளாம், அன்னைக்கு ராத்திரி பூரா அழுதா. சொன்னா டீச்சர் நம்மள விட்ருவாகன்னு பயந்தா." கேட்டை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்தாமல், "நீங்களும் கேக்கலையே டீச்சர்" என்றார்.

அந்த அம்மா என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.  முப்பது வருஷமாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள் நான். கம்பெனி வண்டி எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நான் விருதுநகரிலிருந்து பஸ் பிடித்து ஒன்பது மணிக்குத்தான் ஊருக்குள் இறங்குவேன். தெரு காலியாகக் கிடக்கும். ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது, பிள்ளைகள் படிப்பதற்கு எவ்வளவு தோது என்று கூட நினைத்திருக்கிறேன். இப்படியும் ஒரு முட்டாள் இருப்பாளா?

'வீட்டிலிருந்தே படிக்கலாம்' என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எந்த வீட்டை மனசில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பெண் பகலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதை 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்கிற தெருவில் அவளுக்கு ஏது வீடு? என் மகளும் மாரீஸ்வரியும் ஒரே தேர்வைத்தான் எழுதினார்கள். இரண்டு பேரும் மறுபடி எழுதினார்கள். விண்ணப்பத்தில் இரண்டு பேருக்கும் ஒரே கட்டத்தில்தான் டிக் அடித்தார்கள். அதனாலேயே இரண்டும் ஒன்று என்று நம்பிவிட்டேன்.

மாரீஸ்வரி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முந்தின வருஷத்தைவிட இருபத்திரண்டு மார்க் கூடுதலாக வாங்கினாள். எட்டு மாதம் பகலெல்லாம் குழாய் உருட்டிவிட்டு! ஆனால் அந்த வருஷம் எல்லோருக்குமே மார்க் ஏறிவிட்டது. விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இன்னும் அதிகமாக ஏறியது. டாக்டர் சீட்டு இன்னும் தூரமாகப் போய்விட்டது. செப்டம்பரில் நர்சிங்கில் சேர்ந்தாள். முந்தின வருஷம் கையில் இருந்த அதே படிப்பு, அதே கல்லூரி. அவளோடு பிளஸ் டூ படித்தவள் அங்கே அவளுக்கு சீனியர். இந்த ஒரு வருஷம் நான் அவளுக்குச் செய்த உபகாரம். அவள் இன்றைக்கும் கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நீங்கள் ஒரு பிள்ளையிடம் 'இன்னொரு தடவை எழுது' என்று சொல்லும் முன்னால் எத்தனை மார்க் குறைகிறது என்று கேட்காதீர்கள். அது காகிதத்திலேயே இருக்கிறது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், பகலில் எங்கே இருப்பாய், யாரெல்லாம் வந்து கேள்வி கேட்பார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வாய் என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு, வேண்டாம், வந்த சீட்டில் சேர் என்று சொல்ல நேர்ந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எழுதத்தான் வேண்டும் என்றால், பகலில் அவள் உட்கார ஓர் இடத்தைத் தேடிக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். பள்ளி நூலகத்தைத் திறந்து விடலாம். நான் கடைசி வருஷம் அதைச் செய்தேன். தலைமையாசிரியரோடு சண்டை போட்டுத்தான் செய்ய முடிந்தது. நீங்களும் போட வேண்டியிருக்கும்.

ஆனால் எனக்கு அதிர்ச்சி என்று நான் சொன்னது இதுவரை சொன்னது மட்டும் இல்லை. தேர்வுக்கு மறுநாள், திங்கட்கிழமை, நடந்ததையும் சொல்ல வேண்டும்.

ஞாயிறு இரவு எனக்குத் தூக்கமில்லை. காலை பத்தரை மணிக்குப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு மற்ற ஏழு பேருக்கும் போன் போட ஆரம்பித்தேன். நேற்றுத் தேர்வு முடிந்திருக்கிறது, இன்றைக்காவது எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று எண்ணம். முதல் போனை ஓர் அம்மா எடுத்தார். "கம்பெனிக்குப் போயிட்டாளே டீச்சர். ஆறு மணிக்கு மேல போடுங்க, பேசுவா" என்றார், எனக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி. அடுத்த வீட்டிலும் அதே பதில். மூன்றாவது வீட்டில், அவளுக்குத் தை மாதமே கல்யாணம் ஆகிவிட்டது, இப்போது சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டுகிற வேலை என்றார்கள். கல்யாணம் ஆன பிறகும் இரண்டு மாதம் எனக்கு விடை அனுப்பியிருக்கிறாள். ஒரே ஒரு வீட்டில் மட்டும், "நேத்து எழுதுன அசதி டீச்சர், தூங்குறா, எழுப்பட்டுமா?" என்று கேட்டார் ஓர் அப்பா. அவரும் நம்மைப் போல ஒரு வாத்தியார். மகளைக் கடைசி ஆறு மாதம் கோச்சிங் விடுதியில் சேர்த்திருந்தாராம். அதுகூட எனக்குத் தெரியாது. அடுத்த எண்ணைத் தப்புத் தப்பாக அமுக்கினேன். அதற்கடுத்த இரண்டு வீட்டிலும் கம்பெனிதான்.

கடைசிப் பெயருக்குப் போன் போட்டேன். அந்தப் பெண்ணே எடுத்தாள். எனக்கு உயிர் வந்தது.

"ஏ புள்ள, நீ வீட்லயா இருக்கே?"

"ஆமா டீச்சர், வீட்லதான் இருக்கேன்."

"நேத்து எப்படி எழுதினே?"

 பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

"எழுதப் போகலை டீச்சர். பங்குனியில கம்பெனியில வெடிமருந்து தீப்பிடிச்சுக்கிருச்சு. வலது கை சுட்டுப் போச்சு. இன்னும் கட்டு பிரிக்கலை, பேனா பிடிக்க வராது. அதான் பகல் பூரா வீட்லயே இருக்கேன்."

 அவள் ஒவ்வொரு வாரமும் தவறாமல் விடை அனுப்பியவள். போன வாரம் கூட அனுப்பியிருந்தாள். கட்டுப் போட்ட கையோடு எப்படி அனுப்பினாய் என்று அதைத்தான் கேட்டேன், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

"நான் வாய்ல சொல்லுவேன், தங்கச்சி குறிச்சு அனுப்புவா டீச்சர்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "மார்க் ஒண்ணும் குறையலைல டீச்சர்?" என்று கேட்டாள்.

பதிவேடு மடியிலேயே இருந்தது. பார்த்தேன். குறையவில்லை. பங்குனியிலிருந்து வாராவாரம் ஏறியிருந்தது.